தகவல்: ஒரு சொல், பல அர்த்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகவல் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லிவிட முடியாதா?

முடியாது. சொல்ல முயன்றவர்கள் எல்லோரும் தங்கள் தொழிலுக்குப் பொருந்துகிற வரியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போன் கம்பெனி இன்ஜினியருக்குத் தகவல் என்பது பிட் கணக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தேவையே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு அது யாரோ ஒருவர் வந்து சொல்வது, உண்மையா பொய்யா என்பதெல்லாம் அப்புறம். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு அது பீரோவில் ஏற்கெனவே இருக்கிற காகிதம். பங்குச் சந்தையில் இருப்பவருக்கோ அடுத்தவனுக்கு இன்னும் தெரியாத ஒன்று. தகவல் உண்மையாக இருக்க வேண்டுமா, புதிதாக இருக்க வேண்டுமா, அதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமா, எங்காவது பதிவாகியிருக்க வேண்டுமா என்று இந்த நாலு பேரிடமும் கேட்டுப் பாருங்கள், பதில் ஒத்துப்போகாது. கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்திலிருந்து வருபவைதான்.

தரவு, தகவல், விவரம், செய்தி எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான், யாரும் திருத்த வேண்டாம். வேலை என்று வரும்போது தரவையும் தகவலையும் மட்டும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தாளில் 22.3 என்று மட்டும் எழுதியிருந்தால் அது தரவு. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் 22.3 அடி என்றால் தகவலாகிவிடுகிறது. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி, நிரம்பினால் திறந்துவிடும் தண்ணீர் அடையாற்றில்தான் வரும் என்பது தெரிந்த சைதாப்பேட்டைக்காரருக்கும் கோட்டூர்புரத்துக்காரருக்கும் அதே வரி, பீரோவில் இருக்கும் பத்திரத்தை எடுத்து மேல் ஷெல்ஃபில் வைக்கச் சொல்கிற செய்தி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலர் மழைக்காலத்தில் கனஅடிக் கணக்கைக் காலை காபியோடு பார்ப்பது இதனால்தான். மதுரையில் இருப்பவருக்கு அதே 22.3 அடி, படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்ட வேண்டிய வரி.

ஆகவே தகவல் என்பது எண்ணுக்குள் மட்டும் இருப்பதில்லை, படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதிலும் பாதி இருக்கிறது. தரவைக் கோர்த்தால் தகவல், தகவலைக் கோர்த்தால் அறிவு, அறிவைக் கோர்த்தால் ஞானம் என்று முக்கோணம் போட்டு மேனேஜ்மென்ட் வகுப்பில் நடத்துவார்கள். பரீட்சைக்கு ஆகும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

பிட், பைட் என்று அளக்கிறார்களே, அளப்பது எதை?

எதிர்பாராத தன்மையை. 1948இல் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் எழுதிய கட்டுரைதான் இதற்கு அடிப்படை. அவருக்கு முன்பே 1928இல் ஹார்ட்லி இந்தத் திசையில் ஒரு அடி வைத்திருந்தார், பிட் என்ற பெயரே ஜான் டூக்கி சொன்னது என்று ஷானனே எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஷானன் ஒன்றைத் தெளிவாக வெட்டி எறிந்துவிடுகிறார்: செய்தியின் அர்த்தம் என்ன என்பது இன்ஜினியரின் பிரச்சினை இல்லை, வரக்கூடிய பல செய்திகளில் எது வந்தது என்பதுதான் பிரச்சினை.

சரி, கணக்குக்கு வருவோம். சரியான நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று சொன்னால் 1 பிட். பத்துக்கு ஒன்பது தடவை தலையே விழுகிற கள்ள நாணயம் என்றால், தலை என்று சொல்வதில் 0.15 பிட்தான் இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பூ என்றால் 3.3 பிட். இரண்டையும் எத்தனை தடவை வரும் என்பதோடு பெருக்கிக் கூட்டினால், ஒரு சுண்டலுக்குச் சராசரி 0.47 பிட். மே மாதம் சென்னையில் வெயில் கொளுத்துகிறது என்று ஒருவர் போன் பண்ணிச் சொன்னால் அதில் தகவல் கிட்டத்தட்ட சைபர் என்று நாம் சொல்வோமே, அதை எண்ணாக மாற்றியதுதான் இது.

தமிழிலேயே பார்க்கலாம். 247 எழுத்துகளும் சம வாய்ப்போடு வரும் என்று வைத்துக்கொண்டால் ஒரு எழுத்துக்குச் சுமார் 7.95 பிட் தேவை. ஆனால் எழுத்துகள் அப்படி இஷ்டத்துக்கு வருவதில்லை. ங் என்று ஒரு எழுத்து வந்துவிட்டால் அடுத்து வருவது க வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: மாங்காய், சங்கம், வாங்கு, நீங்கள். அங்ஙனம், இங்ஙனம் மாதிரி சில விதிவிலக்கு. பார்க்கிங், ஷாப்பிங் எல்லாம் வந்த பிறகு ங் என்பதிலேயே முடிகிற சொற்களும் சேர்ந்துகொண்டன, அது வேறு. ஆக ங்-க்குப் பிறகு 247இல் எது என்ற கேள்வியே இல்லை. க் உட்பட க வரிசையின் 13இல் எது என்பது மட்டும்தான் பாக்கி, அதற்கு 3.7 பிட் போதும். பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்தோமே, எந்த மெய்க்குப் பின் எது வரும் எது வராது என்று, அது முழுக்க முழுக்க தகவல் கோட்பாட்டுச் சமாச்சாரம்தான். வாட்ஸ்அப்பில் எழுத்துப் பிழையோடு பெரியப்பா அனுப்பும் மெசேஜ் நமக்குப் புரிவதும், ஃபைலை ஜிப் பண்ணினால் சின்னதாவதும் ஒரே காரணத்தால்: எழுதுவதில் பெரும்பகுதி முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது.

அப்படியானால் கன்னாபின்னா என்று தட்டிய எழுத்துக் குவியலில்தான் அதிகத் தகவலா?

ஷானன் கணக்கில் ஆமாம். பலர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கீபோர்டில் பூனை நடந்தால் வருகிற வரியை ஊகிக்கவே முடியாது, அதனால் அதை அனுப்ப அதிக பிட் வேண்டும், அவ்வளவுதான் அவர் சொல்வது. நல்ல கவிதையைவிடப் பூனை மேல் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. லாரியில் ஏற்றுகிறவர் மூட்டையின் எடையைக் கேட்கிறார், உள்ளே பொன்னி அரிசியா உமியா என்று கேட்கவில்லை, அந்த மாதிரி.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அளவும் இருக்கிறது, 1960களில் சாலமனாஃப், கோல்மகோரோவ், சைட்டின் மூவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. ஒரு எழுத்து வரிசையை அச்சிடக்கூடிய மிகச் சிறிய கம்ப்யூட்டர் நிரல் எவ்வளவு நீளமோ, அதுவே அந்த வரிசையின் தகவல் அளவு. பை என்ற எண்ணின் தசம இலக்கங்களைப் பத்து லட்சம் வரை எழுதினால் பார்ப்பதற்குத் தாறுமாறாகத்தான் இருக்கும், ஆனால் அதைக் கணக்கிடும் நிரல் சில வரிதான், அதனால் இந்த அளவில் அதற்குத் தகவல் ரொம்பக் குறைவு. பூனை தட்டியதைச் சுருக்கவே முடியாது. ஒரே வரிசைக்கு இரண்டு அளவுகோல் இரண்டு விடை தருகிறது என்றால் எது சரி என்று கேட்காதீர்கள், கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு.

தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 70இலேயே முடிந்துவிடுகிறதே, தமிழில் தகவல் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. அது இடம் பிடிக்கிற கணக்கு. ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்று வைத்து 160 எழுத்து கொள்கிறது. அந்த 7 பிட் பட்டியலில் தமிழுக்கு இடம் இல்லை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் யூனிகோடுக்குப் போக வேண்டும், அங்கே குறிக்கு 16 பிட், ஆக 70 குறி. குறி என்று சொன்னேன், எழுத்து என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வணக்கம் என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாகக் காசு கட்டுகிறோம். இணையப் பக்கங்களில் வரும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆகவே தகவல் என்ற சொல்லே 15 பைட்டைச் சாப்பிடுகிறது. செய்தி அதேதான், மூட்டை மட்டும் பெரிது. சேமிக்கும் இடத்தின் அளவும் தகவலின் அளவும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தகவல் என்றால் உண்மையாக இருக்க வேண்டாமா?

தத்துவக்காரர்களில் ஒரு பிரிவு வேண்டும் என்கிறது. லூசியானோ ஃப்ளோரிடி மாதிரி ஆட்கள் பொய்த் தகவல் தகவலே இல்லை என்கிறார்கள். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறையில் கதை வேறு.

எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. பிடித்து நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்திருக்கிறது என்று நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தகவல் வந்தால் அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு. வந்து சொல்வது உண்மையா என்று விசாரித்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. அவர்கள் சட்டத்தின் வார்த்தையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கைது பற்றிப் பேசும் 41ஆம் பிரிவில் நம்பத்தகுந்த தகவல், நியாயமான புகார் என்றெல்லாம் அடைமொழி இருக்கிறது, 154இல் வெறும் தகவல் என்றுதான் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே அடைமொழி போடாமல் விட்டிருக்கிறார்கள், ஆகவே அந்தத் தகவலே அப்படிப்பட்ட குற்றத்தைக் காட்டினால் பதிவு செய்தே ஆக வேண்டும், உண்மையா பொய்யா என்பது விசாரணையில் தெரியட்டும் என்று தீர்ப்பு. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சிலவற்றில் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று விதிவிலக்கும் கொடுத்தார்கள். புதிய சட்டம், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவு வரை தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் அப்படி ஒரு முதல்கட்ட விசாரணைக்கு வழி வைத்திருக்கிறது.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் ஆள் குற்றவாளி என்று டீக்கடையிலும் டி.வி.யிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெயரிலேயே இருக்கிறது, முதலில் வந்த தகவல், அவ்வளவுதான். கோர்ட்டில் அது மட்டும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. இன்னொருவரை மாட்டிவிடத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் கொடுத்தவருக்கே ஒரு வருடம் வரை சிறை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 217ஆம் பிரிவு. அந்தப் பிரிவும் அதைப் பொய்யான தகவல் என்றுதான் சொல்கிறது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். தருகிறார்களே, அது எஃப்.ஐ.ஆரா?

இல்லை. உங்கள் மனுவைச் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டோம் என்பதற்கான ரசீது அது. கையில் அது இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஆர்.டி.ஐ. போட்டேன், நீங்கள் கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பதில் வந்தது. இது என்ன நியாயம்?

பாதி நேரம் அது தட்டிக்கழிப்பு, மீதி நேரம் நாம் கேட்ட விதம். 2005ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவைப் படித்தால் தகவல் என்பது எந்த வடிவத்திலும் உள்ள பொருள் என்று ஆரம்பிக்கிறது. பதிவேடு, ஆவணம், மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, சுற்றறிக்கை, ஆணை, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி என்று பட்டியல் நீள்கிறது. மாதிரி என்பதைக் கவனியுங்கள். உங்கள் தெருவில் போட்ட தார் ரோட்டின் ஜல்லியும் தாரும் சேர்ந்த ஒரு துண்டு, சான்றளிக்கப்பட்ட மாதிரியாக, இந்தச் சட்டத்தின்படி தகவல். வேலை நடக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்வையிடுவதும் உரிமைதான். ஷானனிடம் போய் ஒரு கல்லைக் காட்டி இது எத்தனை பிட் என்றால் சிரித்திருப்பார்.

ஆனால் ஒரு நிபந்தனை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது: அது அலுவலகத்தின் வசமோ கட்டுப்பாட்டிலோ ஏற்கெனவே இருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல்தான், மாணவர் பார்க்கலாம் என்று சொன்னது. அதே தீர்ப்பில், இல்லாத தகவலைத் திரட்டியோ உருவாக்கியோ தர வேண்டியதில்லை, உங்களுக்காக உட்கார்ந்து புதிதாக ஆலோசனை சொல்ல வேண்டியதும் இல்லை என்றும் சொன்னது. பட்டியலில் கருத்து, ஆலோசனை என்று இருப்பது கோப்பில் எழுதி வைத்திருக்கும் கருத்து. அலுவலரின் மனதில் இருப்பது அதில் சேராது. ஏன் என்று கேட்டால் கதவு மூடுவது இங்கேதான். ஏன் என்பதற்கான பதில் இந்த வரையறைக்குள் வராது என்று 2008இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வும் சொல்லிவிட்டது.

ஆகவே கேள்வியைக் காகிதமாக மாற்றிக் கேளுங்கள். என் பட்டா மாறுதல் மனுவை ஏன் நிராகரித்தீர்கள் என்று எழுதினால் ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். இந்தத் தேதியில் இந்த எண்ணில் பதிவான மனு மீது வி.ஏ.ஓ. கொடுத்த அறிக்கையின் நகல், சர்வேயர் கொடுத்த அறிக்கையின் நகல், கோப்பின் குறிப்புப் பகுதி முழுவதன் நகல், நிராகரிப்பு ஆணையின் நகல், ஒவ்வொரு அலுவலரிடமும் கோப்பு எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் போனது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்கள் என்று கேளுங்கள். ஏன் என்பதற்கான பதில் அந்தக் குறிப்புப் பகுதியில் யாரோ ஒருவர் கையெழுத்தில் கிடக்கும். ஒரு அலுவலகத்தில் எனக்கு விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்றே பதில் வந்துகொண்டிருந்தது. தேதிவாரிப் பதிவேட்டைக் கேட்ட பிறகுதான் கோப்பு ஒரே மேஜையில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது தெரிந்தது.

இன்னொரு வழியும் உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. 4(1)(டி) பிரிவின்படி, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை. பாதிக்கப்பட்டவர் நீங்களே என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். வரவில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

இலங்கையிலும் இதே அர்த்தம்தானா?

ஏறக்குறைய. 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்புக்குள்ளேயே 14அ உறுப்புரையாகக் கொண்டுவந்தது, 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அதை நடைமுறைப்படுத்தியது. அங்கேயும் பதிவாகியிருப்பதுதான் தகவல், பட்டியல் இன்னும் நீளம்: வரைபடம், ஒளிப்படம், ஒலிப்பதிவு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கிறது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

இன்னொருவரைப் பற்றிய விவரத்தையும் கேட்கலாமா?

அரசின் வசம் இருப்பதாலேயே எல்லாம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. தனிநபர் விவரத்துக்கு நம் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தடை போடுகிறது. முன்பு பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே ஒரு ஜன்னல் இருந்தது, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது 8(2)இல் உள்ள பொதுவான பொதுநலன் வாசகம். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஒரு அதிகாரியின் பெயர் இருக்கிற எந்தக் காகிதத்தையும் தனிநபர் விவரம் என்று சொல்லிவிட முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு விஷயம், அதில் நீங்கள் சொன்ன விவரத்தைக் கோர்ட்டில் சாட்சியமாகக்கூட வைக்க முடியாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்படி இல்லாவிட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் தகவல் கொடுத்துவிட்டோம் என்கிறது அரசு, எங்களுக்கு வரவே இல்லை என்கிறார்கள் மக்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், அதுதான் கொடுமை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உருவானபோது அந்த மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் நாள் கணக்கில் தங்கித் தொழில் செய்ய முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் அறிவிப்பு வந்தது, மைக் கட்டிச் சொன்னார்கள், டி.வி.யில் ஓடியது. செல்போன் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்த படகுக்கு அது வரவே வழி இல்லை. கொடுத்தோம் என்பவர் அனுப்பியதைத் தகவல் என்கிறார், வரவில்லை என்பவர் பெற்றதைத் தகவல் என்கிறார். ஷானன் அந்த 1948 கட்டுரையில் வரைந்து காட்டிய படத்தில் அனுப்புபவர், தடம், பெறுபவர் மூன்றும் தனித்தனிப் பெட்டி. இங்கே நடுப்பெட்டியே இல்லை. 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது, ககன் செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எச்சரிக்கை வரும், ப்ளூடூத்தில் போனோடு இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவழிதான். படகிலிருந்து திரும்பி ஒரு வார்த்தை சொல்ல அதில் வழியில்லை.

தகவலுக்குப் பண மதிப்பு உண்டா?

மீனிலேயே பார்த்துவிடலாம். 1997க்கு முன் வட கேரளத்தில் மத்தி பிடித்துவரும் படகு தன் ஊர்க் கரைக்கே திரும்பும், ஏனென்றால் பக்கத்துக் கரையில் என்ன விலை என்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலிலேயே கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறும் கூடையோடு போவார். அன்றாடம் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் இப்படி வீணானது. 1997 முதல் 2001 வரை செல்போன் கோபுரங்கள் வந்தன, கடலுக்குள் கொஞ்ச தூரம் சிக்னல் கிடைத்தது, போகும்போதே நாலு கரைக்கு போன் போட்டு விலை கேட்க ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி வீணாவது ஏறக்குறைய நின்றே போனது, மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. கூடுதலாக ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.

மீன் விலையில் எல்லோருக்கும் தெரிந்ததால் லாபம். பங்குச் சந்தையில் தலைகீழ், அடுத்தவருக்குத் தெரியாத வரைதான் அதற்கு விலை. கம்பெனி உள்ளே இருப்பவர் காலாண்டுக் கணக்கு வெளிவருவதற்கு முன் அதை வைத்து வாங்கி விற்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிகள்படி குற்றம். அங்கே தகவல் என்பதன் இலக்கணமே வெளியிடப்படாதது, வெளிவந்தால் விலையை அசைக்கக்கூடியது என்பதுதான். வெளியான மறுநிமிடம் அதே வரி வெறும் செய்தி.

டி.என்.ஏ.வில் தகவல் இருக்கிறது என்கிறார்களே, யார் யாருக்குச் சொல்வது?

யாரும் யாருக்கும் இல்லை. ஃபிரான்சிஸ் கிரிக் 1958இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது வரிசையைத் துல்லியமாகத் தீர்மானிப்பது என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்தினார்: டி.என்.ஏ.வில் உள்ள எழுத்து வரிசை புரதத்தில் உள்ள அமினோ அமில வரிசையைத் தீர்மானிக்கிறது. நான்கு எழுத்து என்பதால் ஒவ்வொன்றும் 2 பிட். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்து, கணக்குப் போட்டால் 775 மெகாபைட் வரும், பழைய சி.டி. ஒன்றில் கொஞ்சம் நிரம்பி வழியும். இதை வைத்து மனிதன் என்றால் இவ்வளவுதானா என்று உருகுவதற்கு முன் வெங்காயத்தைப் பாருங்கள், அதற்குச் சுமார் 1600 கோடி எழுத்து, நம்மைவிட ஐந்து மடங்கு. சாம்பாரில் போடுகிற சின்ன வெங்காயமும் அதே இனம்தான். நீளம் இருக்கிறது என்பதால் செய்வது அதிகம் என்று ஆகிவிடாது.

தகவல் என்பது எண்ணம் மாதிரி அருவமானதா, பொருளா?

ஐ.பி.எம்.இல் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961இல் ஒரு பிட்டை அழிப்பதற்குக் குறைந்தபட்ச வெப்பம் வெளியேறியே தீரும் என்று காட்டினார், 2012இல் அதைச் சோதனையிலும் அளந்துவிட்டார்கள். அளவு மிக மிகச் சிறியது, உங்கள் போன் சுடுவதற்கு அது காரணம் இல்லை. ஆனால் இயற்பியலில் தகவல் என்பது எங்கோ ஒரு பொருளின் நிலையாகத்தான் இருக்க முடியும்.

ஏ.ஐ. சாட்பாட் சொல்வது தகவலா?

1951இல் ஷானன் ஒரு சோதனை செய்தார். ஆங்கில வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி அடுத்த எழுத்து என்ன என்று ஆளை ஊகிக்கச் சொன்னார், அதிலிருந்து ஒரு எழுத்துக்குச் சுமார் 0.6 முதல் 1.3 பிட் வரைதான் என்று கணக்கிட்டார். சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்றைய மொழி மாதிரிகள் பயிற்சியில் செய்வதும் அந்த ஊகிக்கும் வேலைதான், அளவும் அதே வகை அளவுதான். அடுத்து எது வரும் என்பதில் அது கெட்டி. வந்தது உண்மையா என்பது அந்த அளவில் எங்கும் இல்லை. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார்கள், அப்படி வழக்குகளே கிடையாது, நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். வழக்கு எண், நீதிமன்றம், வருடம் எல்லாம் பார்க்க அசல் மாதிரியே இருந்தன, ஏனென்றால் மொழி மாதிரி ஊகிப்பது அந்த அசல் சாயலைத்தான்.

ஆர்.டி.ஐ. மனுவையோ போலீஸ் புகாரையோ ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கலாமா?

மொழிநடைக்கு வாங்கலாம், நன்றாகவே எழுதும். பிரிவு எண்களை மட்டும் சட்டப் புத்தகத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள், இணையத்தில் பழைய சட்டத்தைப் பற்றிய எழுத்துதான் ஏராளம் என்பதால் எஃப்.ஐ.ஆருக்கு இன்னும் 154 என்றே எழுதிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். ரைட்டர் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், பிரிவு தவறாக எழுதியிருந்தாலும் தகவல் தகவல்தான், எந்தப் பிரிவு என்று போடுவது உங்கள் வேலை என்று சொல்லுங்கள்.